பதின்மூன்று வினாடிகள்

அந்தக் கணினி டிஸ்க் விழிக்கும் சத்தம் எனக்கு மறக்கவில்லை. கை தவறி விழுந்த எவர்சில்வர் தட்டு தரையில் சுழன்று சுழன்று, படபடத்து, சட்டென்று அடங்குமே, அதைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கேட்டது போல இருக்கும். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு டக். கொஞ்சம் விட்டு ஒரு டடக். அப்புறம் ஒரு ரீங்காரம் அடியிலிருந்து ஏறி ஏறி, சுருதி கிடைத்த பாட்டுக்காரர் மாதிரி ஓர் இடத்தில் நின்றுவிடும். நேர், நிரை, பிறகு நீண்ட ஒரே அசை. மூன்று டிஸ்க்குகளில் அது ஒன்றுக்குத்தான் அப்படி. மற்ற இரண்டும் மின்சாரம் பட்டதும் எழுந்துகொள்ளும். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது, அந்தக் கண்ணாடி அறையும் இல்லை, அந்த மாடியும் இல்லை, நான் வேலை பார்த்த செவித்திறன் ஆய்வு நிலையம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. இப்போது என் முன்னால் மேசையில் இருப்பது அந்த டிஸ்க் இல்லை. அதே இயந்திரத்தில் அதற்குப் பக்கத்தில் இருந்தது, முதல் டிஸ்க், கணினியை நடத்துகிற யூனிக்ஸ் இருந்த டிஸ்க். இரண்டாயிரத்து மூன்றில் இயந்திரத்தை எடைக்குப் போட்டபோது இதைக் கழற்றி டர்க்கி டவலில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோவில் சால்வைக்கு அடியில் வைத்தேன். ஏன் கொண்டுவந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டரைக்கு மேல் அடைக்கலமேரி வருவாள். அதற்குள் கர்னலைக் கட்டி முடிக்க வேண்டும்.

கர்னல் என்பது அந்த யூனிக்ஸின் நடு மூளை. இந்த மெஷினில் இன்ன கார்டு உண்டு, அதில் இன்ன டிஸ்க் உண்டு என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து தன்னைத்தானே புதிதாகக் கட்டிக்கொள்ளும். எழுதாதது அதற்குக் கண்ணில் படாது. இன்றைக்கு இருக்கிற மெஷின்கள் எல்லாம் தானே தேடித் தெரிந்துகொள்கின்றன. அப்போது அப்படி இல்லை, நாம் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் இந்தப் பழைய மெஷினில் டிஸ்க்கைப் படிக்க ஒரு கன்ட்ரோலர் கார்டு தேவை. இதில் இருந்த கார்டு செத்துவிட்டது. சென்னையில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் வேறொன்று கிடைத்து, நேற்று கூரியரில் வந்தது. அதோடு பேசத் தெரிந்த டிரைவர் நிரலைச் சேர்த்து மறுபடி கட்டுகிறேன். மூன்று வரி. கார்டுக்கு ஒரு வரி. கார்டில் தொங்கும் பட்டைக் கேபிளுக்கு ஒரு வரி. கேபிளில் தொங்கும் டிஸ்க்குக்கு ஒரு வரி. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். ஒன்பதரை மணிக்கு முதல் தடவை கட்டியபோது நடு வரியை எழுத மறந்துவிட்டேன். கார்டு உண்டு, டிஸ்க் உண்டு, இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டு, கடைசியில் இணைக்கிற இடத்தில் நின்றுபோனது. நாற்பத்தைந்து வயதில் அந்த மூன்று வரியையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இப்போது எழுபத்தொன்று. மறந்தேனா, மறக்க விட்டேனா. தெரியவில்லை. மறுபடி எழுதி மறுபடி ஓடவிட்டேன். திரையில் வரிகள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன, எறும்புச் சாரி மாதிரி, ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பின் பெயர். காபி ஆறிவிட்டது. ஆறியதைக் குடித்தேன். சூடாக இருந்தபோதும் இதே மாதிரிதான் இருந்திருக்கும்.

அடைக்கலமேரி மூன்று நாள் முன்னால் வந்தாள். பொன்மலை ரயில்வே பணிமனை அலுவலகத்தில் வேலை. கழுத்தில் அடையாள அட்டையோடு நேரே அங்கிருந்து வந்திருந்தாள். வாசலில் செருப்பை விடும்போதே, "மேடம், நான் சூசையோட பொண்ணு, உங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றாள். ஞாபகம் இருந்தது. நிலையத்தின் ஆண்டு விழாவில் பச்சைப் பாவாடை கட்டி ஆடிய குழந்தை. எங்கள் நிலையத்தில் வேலை பார்த்த மரியசூசையின் மூக்கு அப்படியே இருக்கிறது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, "அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு மேடம். கேக்கச் சொன்னாருன்னு இல்ல, நானாத்தான் வந்தேன். அவருக்குத் தெரியாது" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். "அன்னைக்கு அந்த மெஷின்ல என்ன நடந்துச்சுன்னு எங்கயாவது பதிவு இருக்குமா? ஏன்னா அவருக்கு இப்போ எழுபத்தேழு. ஆஞ்சியோ எல்லாம் பண்ணியாச்சு. வேற எதையும் பத்திக் கவலைப்பட மாட்டாரு. சாப்பிட உக்காந்தா மேசைமேல விரலால அடிச்சுப் பாப்பாரு. அந்த ஒரே வரிய. அடிச்சுட்டு, நான் ஒண்ணு அடிச்சேனா ரெண்டு அடிச்சேனான்னு எங்கம்மாவக் கேப்பாரு. எங்கம்மா சோத்தப் போட்டுட்டு, நான் உங்க பக்கத்துலயா நின்னேன்னு திட்டும். அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு. இப்போ என்னயக் கேக்குறாரு." சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "பாக்கறேம்மா" என்றேன். "ஒரு டிஸ்க் இருக்கு. ஓடுதான்னு பாக்கறேன்." ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும் காரியம். அவர் ஒன்றுதான் அடித்தார். மூன்று சொல். சொல்லவில்லை. டிஸ்க்கைப் பார்க்கிறேன் என்றேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதைப் படிக்க ஒரு கர்னலைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மெஷின் சொல்லட்டும் என்று நினைக்கிறேனோ. திரையில் எழுத்தாக வந்தால் அது தகவல். என் வாயிலிருந்து வந்தால் அது வேறு.

தெருவில் மூன்று சக்கர வண்டி போகிறது. கல்லுப்பு, தூளுப்பு, கல்லுப்பு, தூளுப்பு. பதிவு செய்த குரல், மூச்சே விடுவதில்லை. நிலையத்துக்கு ஒலி சேகரிப்பதற்காக மரியசூசை ஒரு காலத்தில் இப்படித் தெருக்குரல்களை டேப்பில் பிடித்துக்கொண்டு வருவார். அது அவர் வேலை இல்லை. அவர் ஆபரேட்டர். லால்குடி, முசிறி, தொட்டியம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகளுக்குக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று சொல்லி, எந்தச் சுருதி, எவ்வளவு மெல்லிசாகக் கேட்கிறது என்று குறித்து வருவார்கள். அதைக் கணினியில் ஏற்றுவது அவர். ஒவ்வொரு குழந்தையையும் வருடா வருடம் போய்ப் பார்த்துப் பதினொரு வருடம். ஒரு தடவை நானும் ஜீப்பில் கூடப் போனேன். சத்தமே வராதபோதும் கை தூக்குகிற குழந்தைகள் இருந்தார்கள். கேட்கவில்லை என்று சொன்னால் டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில், எங்கள் முகத்தைப் பார்த்து, சரியாகத் தூக்குகிறோமா என்று பார்த்துப் பார்த்துத் தூக்குவார்கள். அதில் ஒரு பெண் குழந்தைக்கு மூன்று வருடமாகக் காது குறைந்துகொண்டே வருகிறது என்று எண்களைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, மரியசூசை. எண்ணை அடிக்கும்போதே, "மேடம், இந்த தொட்டியத்துப் பிள்ள கீழ எறங்குது, பாருங்க" என்றார். எண்களை அவர் குழந்தையாகத்தான் பார்த்தார். நான் எண்களை எண்களாகவே பார்த்தேன். கணிதம் படித்தவள் நான். நிலையத்தின் கணினி அமைப்புகளுக்குப் பொறுப்பு. என் மேசையில் சௌந்தரவல்லி, எம்.எஸ்ஸி., என்று மரப் பலகை இருந்தது.

வரிகள் ஏறுகின்றன. பதினொன்று முப்பது. கட்டுவதற்கு முன்னால் கோப்பில் இன்னொரு வரியையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது, அது மூன்று வரிக்கும் மேலே இருக்கிறது. காத்திருக்கும் நேரம். மெஷின் எழுந்ததும் கார்டைத் தட்டி எழுப்பி, டிஸ்க்குகள் நிலைபெறட்டும் என்று இத்தனை வினாடி காத்திருந்து, அப்புறம் யார் யார் இருக்கிறீர்கள் என்று கூப்பிடும். பதினைந்து என்று இருக்கும். எங்கோ தூர தேசத்தில் அந்த யூனிக்ஸை எழுதியவர் யாரோ, டிஸ்க்குகளை நம்பிவிடாதே என்கிற பொருளில் ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டிருந்தார். படித்துவிட்டுச் சிரித்திருக்கிறேன். பதினைந்து வினாடி திரையில் ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தில் மரியசூசை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுவார். முணுமுணுப்பாக, கையில் துடைக்கும் துணியோடு. "கரெக்டா ஒரு மந்திரம் மேடம். ஆமென் சொல்றேன், டிஸ்க் வருது. எஞ்சினியரு நம்ம ஆளாத்தான் இருப்பான்" என்பார். எங்கள் நிலையத்து டாக்டர் கனகசபைக்குப் பொறுமை இல்லை. மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊர், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மெஷினை எழுப்ப வேண்டியிருக்கும். பின்னால் வந்து நின்று, "என்னம்மா, உங்க மெஷினு புது மாப்பிள்ளையாட்டம் எந்திரிக்கவே இவ்வளவு நேரம் எடுத்துக்குது?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் கேலி செய்தது மெஷினைத்தான். எனக்குத்தான் உறைத்தது. கார்த்திகை மாதம் ஒரு நாள் பதினைந்தை இரண்டாக்கினேன். கட்டினேன். எழுப்பினேன். மூன்று டிஸ்க்கும் வந்தன. மெஷின் தன் நினைவகத்தை எண்ணி முடிப்பதற்குள்ளேயே டிஸ்க்குகள் எல்லாம் எழுந்துவிடுகின்றன, டக் டக்கென்று மெதுவாக விழிக்கும் அந்தச் சோம்பேறிகூட. பின்னே எதற்குப் பதினைந்து. டாக்டர், "பரவாயில்லையே" என்றார். அந்த "பரவாயில்லையே" இரண்டு நாள் எனக்கு இனிப்பாக இருந்தது. மரியசூசை மட்டும், "மேடம், இப்பல்லாம் அருள் நிறைந்தவோட நின்னுபோகுது. மாதா கோவிச்சுக்கப் போறாங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் என்னிடம் வந்து சொன்னார். வேறு யாருக்கும் தெரியாததை, அவர் கவனித்து, அவர் வாயாலேயே என்னிடம் சொன்னார். எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்கும் தெரியாது.

மார்கழி, மூன்றாவது சனிக்கிழமை. சனிக்கிழமை காலை மெஷினை நிறுத்தித் திறந்து, தூசு தட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி எழுப்பி, நான் எழுதி ஒட்டிய தாளில் உள்ளபடி செய்ய வேண்டும். தாளில் நான்கு வரி. முதல் வரி, எண் ஒன்று டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துப் புதிதாக்கு. அந்தச் சோம்பேறிதான் அது, தற்காலிக வேலைகளுக்கான டிஸ்க், குப்பைக்கூடை மாதிரி, வாரம் ஒரு தடவை கொட்டிக் கழுவுவோம். இரண்டாவது வரி, எண் இரண்டு டிஸ்க்கை நாடாவில் நகலாக ஏற்று. அதில்தான் குழந்தைகள். டிஸ்க்குக்குப் பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்று யார் எண் கொடுக்கிறார்கள்? யாரும் கொடுப்பதில்லை. கூப்பிடும்போது பதில் சொன்ன வரிசையில் கர்னல் எண் போட்டுக்கொண்டே போகும். முதலில் வந்தது பூஜ்ஜியம், அடுத்து வந்தது ஒன்று, அதற்கு அடுத்தது இரண்டு. இந்த இடத்தில் இருப்பதற்கு இந்த எண்தான் என்று கோப்பில் ஆணி அடித்து வைக்கலாம். அதற்கென்று வரி உண்டு. நான் அடிக்கவில்லை. மூன்றும் எப்போதும் வருகின்றனவே. அன்றைக்குக் குளிர். ஒரு மணி நேரம் ஆறிக் கிடந்தது சோம்பேறி. இரண்டு வினாடியில் கூப்பிட்டபோது அது டக் என்று சொல்லும் நிலையில்கூட இல்லை. ஒன்றாம் இடத்தில் பதில் இல்லை என்றதும் கர்னல் அடுத்த இடத்துக்குப் போய், அங்கே இருந்த டிஸ்க்குக்கு எண் ஒன்று என்று போட்டுவிட்டது. குழந்தைகளுக்கு. மரியசூசை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, எப்போதும் போல, எண் ஒன்றை அழித்தார். இரண்டாவது வரிக்குப் போனார். எண் இரண்டு என்று ஒரு டிஸ்க் இல்லை என்றது மெஷின். அப்போதுதான் எனக்குப் போன் செய்தார். "மேடம், ரெண்டக் காணோங்குது." பயமே இல்லை அந்தக் குரலில். பெரிய பூட்டைத் திறக்கத் தெரியாத வீட்டு விருந்தாளி மாதிரி ஒரு கூச்சம்தான்.

நான் ஆட்டோவில் போய், மெஷின் எழுந்தபோது திரையில் ஓடிய வரிகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, புரிந்துவிட்டது. மரியசூசை பக்கத்தில் நின்றார். தேங்காய் எண்ணெய் வாசனை. "நான் ஏதாவது தப்பா அடிச்சுட்டேனா மேடம்?" என்றார். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. விரல் நுனியில், உதட்டில், ஒன்றும் இல்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் என்னுடையது இல்லாமல் இருந்தது. "பாக்கறேன் சூசை, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன். நாடாக்கள் இருந்தன. எடுத்துப் படித்துப் பார்த்ததில் நாடா இயந்திரத்தின் தலை அழுக்காகி மாதக்கணக்கில் வெறும் இரைச்சலை எழுதியிருந்தது தெரிந்தது. ஒரு பழைய நாடாவில் முதல் நான்கு வருடம் கிடைத்தது. ஏழு வருடம் போனது போனதுதான். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத கட்டடத்தில் தனியாக உட்கார்ந்து, கோப்பில் இரண்டைப் பதினைந்தாக்கினேன். மூன்று டிஸ்க்குக்கும் ஆணி அடித்தேன். கட்டினேன். எழுப்பினேன். பழைய கோப்பை அழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து, பெயருக்குப் பின்னால் தேதி போட்டு வைப்பது கை பழகிய பழக்கம். கை நினைக்கவே இல்லை, எடுத்து வைத்துவிட்டது. அப்புறம் அதை அழிக்கக் கை போகவில்லை. அவ்வளவுதான் என் நேர்மை. ஒரு பழக்கம்.

விசாரணைக் கமிட்டியில் மூன்று பேர். மரியசூசையிடம், என்ன எண் அடித்தீர்கள் என்றார்கள். "ஒண்ணு சார்." நிச்சயமாகவா? "ஒண்ணுதான் சார்." ரெண்டு அடிச்சிருக்க வாய்ப்பே இல்லையா, கண்ணாடி போடாம இருந்தீங்களா? அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். "தாள்ல இருந்ததத்தான் சார் அடிச்சேன்" என்றார், குரல் முன்னைவிடக் கொஞ்சம் கீழே. பிறகு என்னைக் கேட்டார்கள். எண் ஒன்று என்று அடித்தால் எண் இரண்டு டிஸ்க் அழிய வழி உண்டா? நான் தயாரித்துக்கொண்டு போன வாக்கியம் என்னிடம் இருந்தது. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல் செதுக்கிய வாக்கியம். "இப்போது உள்ள அமைப்பில் அதற்கு வழியே இல்லை." இப்போது உள்ள. யாரும் அந்த முதல் சொல்லைக் கேட்கவில்லை. காது பற்றிய ஆய்வு நிலையம். மரியசூசை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. ஓ, அப்படியா, அப்போ நான்தான் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டது மாதிரி. அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நிமிடத்திலிருந்து அவர் தன் விரலை நம்புவதை விட்டார். மார்ச்சில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினெட்டு வருடம் இருந்தாராம். அடைக்கலமேரிதான் சொன்னாள். "எத்தன காப்பின்னு வர்றவங்களே அந்தப் பட்டன அழுத்தணும் மேடம். அப்பா தொட மாட்டாரு. காகிதம் வைப்பாரு, எடுத்துக் குடுப்பாரு. நம்பர மட்டும் தொட மாட்டாரு. மொதலாளி மொதல்ல திட்டினாரு, அப்புறம் விட்டுட்டாரு. கடைக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் அத வெளையாட்டா எடுத்துக்கிட்டு, தாத்தா நான் அமுத்துறேன், நான் அமுத்துறேன்னு போட்டி போடும்." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

எறும்புச் சாரி நின்றது. கட்டி முடிந்துவிட்டது. பன்னிரண்டு இருபது. பிழை இல்லை. புது கர்னலை அதன் இடத்தில் வைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு டிஸ்க்கை எடுத்துக் கேபிளில் மாட்டினேன், கேபிளின் கடைசியில் முடிப்பு மூடியைச் செருகினேன், மின்சார வயரை மாட்டினேன். இருபது வருடத்துக்கு மேல் சுழலாத டிஸ்க். எண்ணெய் காய்ந்திருக்கும். தலை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் வைத்திருந்தபோது கனமாக, குளிர்ச்சியாக, ஒரு செங்கல் மாதிரி இருந்தது. அது சுழல வேண்டும் என்று நினைக்கிறேனா, சுழலக் கூடாது என்று நினைக்கிறேனா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்காகக் குனிந்து நிற்கிற மாதிரி நின்றேன். ஒன்றும் வரவில்லை. அழைப்பு மணி அடித்தது. அடைக்கலமேரி. ஒரு கையில் சாப்பாட்டுப் பை. "மேடம், சாப்ட்டீங்களா? எறாத் தொக்கு கொண்டாந்தேன், நீங்க சைவமோன்னு பயந்து சாம்பாரும் வச்சிருக்கேன்." நான் சைவம்தான். எறாவை நான் சாப்பிட்டுக்கறேன் என்று பையைக் கீழே வைத்தாள். திரையைப் பார்த்தாள். "இதுதானா? டிவி பொட்டி மாதிரி இருக்கு. அப்பா இத வச்சுக்கிட்டா என்னமோ ராக்கெட் விட்ட மாதிரி பேசுவாரு." உட்காரு என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

நினைவகம் எண்ணப்பட்டது. கர்னல் எழுந்தது. கார்டு இருக்கிறது என்றது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் ஒரு டிரைவர் தன் கார்டை அடையாளம் கண்டுகொள்கிறது. பிறகு டிஸ்க்குகள் நிலைபெறக் காத்திருக்கிறேன் என்ற வரி வந்து நின்றது. "என்ன பண்ணுது?" என்றாள். "காத்திருக்கு. பதினஞ்சு வினாடி." அவள் கைகளைக் கோத்துக்கொண்டாள். வெளியே யாரோ மிதியடியை உதறித் தட்டினார்கள். நான் டிஸ்க்கின் மேல் விரலை வைத்தேன். அதிர்வு இல்லை. ஐந்து இருக்கும். பதினைந்து வினாடி இவ்வளவு நீளமா? இதையா நான் வெட்டினேன்? ஒரு மனுஷர் நிம்மதியாகக் கடவுளை ஒரு தடவை கூப்பிட்டு முடிக்கிற அளவு நீளம். எட்டு. பத்து. டக் வரவில்லை. அடைக்கலமேரியின் மூச்சு கேட்டது. பன்னிரண்டு. அந்த நகல் இதற்குள் இருக்கிறது, இரண்டு என்ற எண், தேதி, என் பெயரின் முதல் எழுத்துகள். பதினைந்து. கர்னல் கூப்பிட்டது. பதில் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டது, டிஸ்க் என்று ஒன்று இல்லவே இல்லாதது மாதிரி. "வரலியா மேடம்?" "வரலை." "இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்துப் பாக்கலாமா?" என்றாள். அவளுக்குத் தெரியாமல் சொன்னாள். நிறுத்தி மறுபடி எழுப்பினேன். மறுபடி இல்லை. டிஸ்க்கைக் கையில் எடுத்து லேசாகத் தட்டி, திருப்பி, மூன்றாவது தடவை. இல்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்ததை மறைத்தாள். "பரவாயில்ல மேடம். நீங்க இவ்வளவு செரமப்பட்டதே பெருசு. ரெண்டு மணிக்கு நான் சீட்ல இருக்கணும்." எழுந்தாள். சாம்பார் பாத்திரத்தை மேசையில் எடுத்து வைத்தாள். "பாத்திரத்த அப்புறம் வாங்கிக்கறேன். அப்பாகிட்ட சொல்லிடறேன், கேட்டுப் பாத்தேன், எங்கயும் எதுவும் இல்லையாம்னு."

எதுவும் இல்லையாம். அந்தச் சொல் அவர் வீட்டுக்குப் போகும். அவர் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார். ராத்திரி சாப்பிட உட்காருவார். மேசையில் விரலை வைப்பார். நான் எதையும் தீர்மானிக்கவில்லை. தைரியம் வந்தது என்று சொன்னால் அது பொய். வாய் மட்டும் திறந்தது, கை நகல் எடுத்து வைத்த மாதிரி. "உங்கப்பா ஒண்ணுதான் அடிச்சார்" என்றேன். அவள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். சொன்னேன். பதினைந்து, இரண்டு, குளிர், எண் மாறியது, ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி, இப்போது உள்ள அமைப்பில். மெஷினுக்கு வரி எழுதுவது போல ஒன்றன்கீழ் ஒன்றாகச் சொன்னேன். ஒரு இடத்திலும் என் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். அவள் உட்காரவில்லை. மெஷினைப் பார்த்தாள். "எத்தன வினாடி?" என்றாள். "பதிமூணு." "பதிமூணு வினாடி மிச்சம் பண்றதுக்கா?" "ஆமா." "யாருக்கு?" நான் திரையை அணைத்தேன். "எங்கம்மா சாகுற வரைக்கும் அவரக் குருட்டுப் பயலேன்னுதான் கூப்பிட்டுச்சு. வெளையாட்டுக்குத்தான். ஆனா அப்படித்தான் கூப்பிட்டுச்சு." இப்போது அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அலமாரிமேல் இருந்த வெள்ளைத்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, என் முன்னால் வைத்து, தன் பேனாவை அதன்மேல் வைத்தாள். "எழுதுங்க. நான் சொன்னா, தன் மனசு ஆறணும்னு நான் சொல்றேன்னு நெனப்பாரு. நீங்க எழுதணும். தமிழ்ல எழுதுங்க. இப்ப உள்ள, அப்ப உள்ளன்னு எதுவும் வேணாம்." எழுதினேன். ஏழு வரி வந்தது. கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் இருந்த உறையில் செருகிக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அந்தத் தாள் போன பிறகு மரியசூசை ஒரு வருடமும் நான்கு மாதமும் உயிரோடு இருந்தார். என்னை வரச் சொல்லவில்லை.